வயநாடு செல்வோர் கவனத்திற்கு

விடுமுறையில் குடும்பத்துடன் மலைநாடு காண விழைவோர்க்குக் கேரளத்தின் வயநாடு ஏற்றதோர் இடமாகும். கோழிக்கோட்டிலிருந்து தாமரசேரி மலைப்பாதையின் 9 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் தேயிலைத் தோட்டங்களும் அடர்வனங்களும் கண்களைக் குளிர்விக்கும்.

அம்புகுத்தி மலையிலுள்ள எடக்கல் குகையை அவசியம் காணுங்கள். தொல்மாந்தர் பாறையில் செதுக்கிய உருவங்களோடு தமிழ்ப் பிராமி எழுத்துகளும் அங்குண்டு. பாதை செங்குத்தானது, முதியோரை வற்புறுத்தாதீர்கள். அவர்களைப் பாணாசுர சாகர் மண் அணைக்கு அழைத்துச் செல்லலாம்.

மைசூர் வழியே வருவோர், பந்திப்பூர் வனச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுவதை நினைவிற் கொள்ளுங்கள். வனவிலங்குகள் வாகனங்களில் அடிபடாதிருக்கவே இவ்வேற்பாடு.

பெருமழைக் காலத்தில் பயணத்தைத் தவிருங்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவில் 200க்கும் மேற்பட்டோர் உறக்கத்திலிருந்த வேளையில் மாண்டனர். உறவுகளைப் பறிகொடுத்தோர் இன்றும் அம்மாவட்டத்திலேயே வாழ்கின்றனர். அவர்களின் துயர் நமக்குக் காட்சிப்பொருளன்று. இடிபாடுகளைத் தேடிச் சென்று படமெடுப்பதை விட, உள்ளூர்க் கடைகளில் மிளகும் காப்பித்தூளும் வாங்கி வாருங்கள். நம் சுற்றுலாவால் அவர்தம் அடுப்பெரியட்டும்!