ஓடுகிற சேர்வரை ஏன் தொட வேண்டும்?



"நல்லா ஓடுற சேர்வரை ஏன் சேர் நோண்டப் போறீங்க?" பாடசாலைச் சேர்வரைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஐசிடி ஆசிரியர்கள் நாங்கள் சொன்னதிலிருந்து பெற்றோரும் பழைய மாணவர்களும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனாலும் தொடத்தான் வேண்டும் என்கிறோம்.

பழைய மாணவர்கள் அன்று தந்த அந்தப் பெட்டியில் இருப்பது சென்ட்ஓஎஸ் 7, லினக்ஸில் ஒரு வகை. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30 உடன் நின்றுவிட்டன. அதோடு வந்தவை பிஎச்பி 5.4, பைதன் 2.7. பைதன் 2 இன் ஆதரவு 2020 பிறந்தவுடனேயே முடிந்தது. உயர்தரத்தில் நாங்கள் படிப்பிப்பதோ பைதன் 3. ஐந்தை இரண்டால் வகுத்தால் 2.5 என்று வகுப்பில் பார்த்த பிள்ளை, அதே வரியைச் சேர்வரில் ஓட்டினால் 2 என்று வருகிறது. பிள்ளை தன் கணக்கைத்தான் சந்தேகிக்கும்.

இது சின்ன விசயம். அதே சேர்வரில்தான் பிள்ளைகளின் பிறந்த திகதி, பெற்றோரின் தொலைபேசி இலக்கம், தந்தையை இழந்த பிள்ளைகளுக்கான உதவிப் பட்டியல் எல்லாம் கிடக்கிறது. அந்தப் பட்டியல் வெளியே போனால் எந்தத் தாயின் முகத்தில் முழிப்பது? அது அமானிதம்.

2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் கிளவுட் சேர்வருக்கு நடந்தது நினைவிருக்கும். மின்னஞ்சல் ஓடியது எக்ஸ்சேஞ்ச் 2013 இல். அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. தாக்குதலில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் போயின. ஒன்லைனில் இருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டப்பட்டது. அதுவும் முதல் நாள் வரை "நல்லா ஓடிய" சேர்வர்தான்.

அதற்காக அவசரப்பட்டு பழையதைப் பிடுங்கவும் கூடாது. 2021 நவம்பர் 23 இல் குறிஞ்சாக்கேணியில் நாம் பிள்ளைகளை இழந்தோம். உயிரையும் பெட்டியையும் ஒன்றாக வைத்துப் பேசவில்லை, அல்லாஹ் பாதுகாக்கட்டும். ஆனால் புதுப் பாலம் வேண்டாமென்று அன்று யார் சொன்னார்கள்? நடுவில் பிள்ளைகள் எதில் போவார்கள் என்பதைத்தான் ஒழுங்காக யோசிக்கவில்லை.

இங்கும் அதேதான். சென்ட்ஓஎஸ் 7 இல் பழைய பைதனைக் கழற்றினால், மென்பொருள் நிறுவுகிற 'யம்' படுத்துவிடும், அது ஓடுவதே அந்தப் பைதனில். பக்கத்திலேயே புதியதை வைக்கலாம்தான். ஆனால் பைதன் 3.10 இலிருந்து ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 கேட்கும், பெட்டியில் இருப்பது 1.0.2. ஒன்றை இழுத்தால் இன்னொன்று வரும். ஆகவே வேறொரு கணினியில் அல்மாலினக்ஸ் 9 போட்டு, தரவைப் பிரதியெடுத்து, அங்கே ஓட்டிப் பார்த்த பிறகே மாற வேண்டும். வரவு பதியும் புரோகிராம் கட்டாயம் முரண்டு பிடிக்கும். அது தரவுத்தளத்தோடு பேசும் பழைய கட்டளைகளை பிஎச்பி 7 இலேயே நீக்கிவிட்டார்கள். நல்லவேளை, எழுதிய தம்பி இப்போதும் ஊரில்தான் இருக்கிறார்.

நோன்பு விடுமுறையில் பாடசாலை பூட்டியிருக்கும், அதுதான் தோதான நேரம். மென்பொருளுக்குச் செலவில்லை. தேவை இரண்டுதான்: பாவித்த கணினி ஒன்று, பேக்கப் எடுத்துக் கழற்றி அலுமாரியில் பூட்டி வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். வீட்டில் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.