கையில் கிறீஸ் பட்டால் பட்டம் அழியாது

"கெம்பஸ் படிக்கிற புள்ளைகளுக்கு இந்த வேலை தேவையா?"

நண்பன் ஒருவனின் மாமாவிடம் இருக்கும் பழைய டபுள் கெப்புக்கு ரொக் ஸ்லைடர் பூட்டிய இரண்டு நாளும் இந்தக் கேள்வி எங்களைச் சுற்றியே வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டம், லயத்து வாசல், கலைப்பீட மாணவர்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் பெண்கள். வந்தவர் போனவர் எல்லாரும் 'தேவையா' எண்டுதான் கேட்டார்கள். இது என்ன, எப்பிடிப் பூட்டுறது எண்டு கேட்டது சின்னப் பிள்ளைகள் மட்டும். அவர்களுக்குச் சொன்ன பதிலை முதலில் இங்கேயும் சொல்லிவிடுகிறோம். சண்டை பிறகு.

ரொக் ஸ்லைடர் எண்டால், கதவுகளுக்குக் கீழே, முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் பூட்டுகிற தடித்த இரும்புக் குழாய். கல்லு ரோட்டில் முன் சில்லு ஒரு கல்லில் ஏறி இறங்கியதும் அந்தக் கல் வாகனத்தின் நடுப்பகுதிக்குக் கீழே வந்து நிற்கும். வாகனம் அதில் குந்தும். அந்த இடத்துத் தகரம் மெல்லியது, நசிந்தால் கதவைத் திறக்கவே முடியாமல் போகலாம். ஸ்லைடர் இருந்தால் இரும்பு கல்லில் உரசிச் சறுக்கிப் போய்விடும். அதாவது வாகனத்தின் பாரத்தையே அது தாங்க வேணும். அதனால்தான் அதைத் தகரத்தில் பூட்டாமல் சேசியில் பூட்டுகிறார்கள்.

கடையில் பளபளவெண்டு தொங்குகிற பக்கப் படி வேற சாமான். அது கால் வைத்து ஏறுவதற்கு. 'இதுவும் ஸ்லைடர்தான்' எண்டு ஒரு கடையில் எங்களுக்கு விற்கப் பார்த்தார்கள். குழாயின் தடிப்பையும், பூட்டுகிற தகடு எங்கே போய்ச் சேருது எண்டதையும் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அந்தப் படி கல்லில் குந்தினால் தானும் மடிந்து, கதவுத் தகரத்தையும் சேர்த்து நசித்துவிடும்.

இது காசுக்காரப் பெடியளின் விளையாட்டு எண்டு சொல்லுவீர்கள். கொழும்பில் அப்படியும் இருக்கலாம். இந்தக் கெப் காலையில் கரட்டும் லீக்ஸும் இறக்குகிறது, இராத்திரியில் வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது. கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றுகிற தோட்டங்கள் இந்த நாட்டில் இருக்கிறதை எல்லாரும் அறிவார்கள். ரோட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் இந்த ஸ்லைடருக்கு வேலையே இல்லை. 200 வருசமாக ஏற்றுமதிக்குத் தேவையான எல்லாம் இந்த மலையிலிருந்து இறங்கியிருக்கிறது, மலைக்கு ஏற வேண்டிய ரோட்டு மட்டும் இன்னும் ஏறவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். குழாயை வெட்டி, ஒட்டித் தந்தது டவுனில் வெல்டிங் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். அவர் முதலில் கேட்டது, "பாரம் எங்க வந்து விழும்?" அடுத்தது, "லோட் ஏத்தினா எவ்வளவு பதியும்?" பிறகு சீமெந்துத் தரையில் சோக்கால் சேசியைக் கீறி, எந்த இடத்தில் கால் வரவேணும் எண்டு காட்டினார். செலவைக் குறைக்கத் தண்ணிக் குழாயில் செய்யலாமா எண்டு மாமா கேட்டதற்கு மறுத்துவிட்டார். அது தண்ணியைத் தாங்கச் செய்தது, வாகனத்தைத் தாங்க இல்லை. அதோட அதன் மேல் நாகப் பூச்சு இருக்கிறது, ஒட்டும்போது வருகிற புகையை இழுத்தால் காய்ச்சல் வரும்.

பூட்டியது நாங்கள். சேசியின் ஓரமாகத்தான் பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் வயர்களும் ஓடுகின்றன. தகடு அவற்றை நசிக்காமல் இடம் பார்க்க வேணும். கறளைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்க வேணும். ஒரு பக்க ஸ்லைடரே 20 கிலோவுக்கு மேல், கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு போல்ட் போடேலாது. அடியில் இரண்டு ஜக் வைத்து மெல்ல உயர்த்த வேணும். ஒரு போல்ட்டை முழுசா இறுக்கினால் மற்ற ஓட்டைகள் நேர்படாது. அதனால் எல்லாவற்றையும் கையால் மட்டும் முறுக்கி, நேர் பார்த்து, பிறகு மாறி மாறி இறுக்க வேணும். வாகனத்தைத் தூக்கினால் ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது, ஸ்டாண்டில் இருத்த வேணும். சில நூறு கிலோமீற்றர் ஓடின பிறகு எல்லா நட்டையும் திரும்ப இறுக்கிப் பார்க்க வேணும்.

இப்ப சொல்லுங்கோ, இதில் எது மூளை இல்லாத வேலை? பாரம் எங்கே விழும், எது எதைத் தாங்கும், எது முதலில் உடையும் எண்டு கேட்கிறதுக்குப் பெயர் சிந்தனை. அதையே ஸ்லைட் போட்டு 'விமர்சனச் சிந்தனை' எண்டு படிப்பித்தால் புள்ளி தருகிறார்கள். கராஜில் கேட்டால் 'பாஸ் வேலை' ஆகிவிடுகிறது.

தோட்டத்துப் பெரியவர்கள் கேட்டதில் எங்களுக்குக் கோபம் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கையைத் தேய்த்து, கூலியாக அரை வயிறு கண்டவர்கள், பிள்ளைகளின் கை தப்பட்டும் எண்டு நினைக்கிறார்கள். அந்தக் கேள்வி வலியிலிருந்து வருகிறது. ஆனால் இதே கேள்வியைக் கம்பஸிலும் கேட்கிறார்கள், அது வேற இடத்திலிருந்து வருகிறது. எங்கட சமூகத்தில் இரும்பைத் தொடும் கைக்கும் மரத்தைத் தொடும் கைக்கும் சாதிப் பெயர் வைத்திருக்கிறோம். அவர்கள் செய்த கலப்பையால் உழுதோம், அவர்கள் செய்த தேரை இழுத்தோம், அவர்களைத் திண்ணையில் இருத்தவில்லை. சாதி பற்றிக் கட்டுரை எழுதி 'ஏ' எடுக்கிறவர், கிறீஸ் பிடித்த கையைப் பார்த்து முகம் சுளித்தால் அந்தக் கட்டுரை எதற்கு?

பெண்களிடம் கேட்ட கேள்வி இன்னும் ஒரு படி மேல். "தங்கச்சி, நீங்க தேத்தண்ணி போடலையா?" அந்த நேரம் ஸ்பனர் அவளுடைய கையில்தான் இருந்தது.

1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருசமும் நாடு ஓடினது பழைய வாகனத்திலும் கராஜ்காரரின் மூளையிலும்தான். எங்கட பாடத்திட்டத்தில் இவர்களுக்கு ஒரு பக்கமாவது உண்டா?

உடனே சிலர் கைதட்டுவார்கள்: 'அதைத்தானே நாங்களும் சொல்லுறம், கலைப்பட்டம் வீண், போய்த் தொழில் பழகுங்கோ.' நாங்கள் அதைச் சொல்லவில்லை. வேலை கேட்டு ரோட்டில் இருக்கிற பட்டதாரியைக் குறை சொல்ல ஸ்பனரைக் காட்டுகிறவர், ஸ்பனர் பிடிக்கிறவரையும் மதிக்கிறதில்லை. அவருக்குத் தேவை மலிவான கை. கவிதை வாசிக்கிற பிள்ளை வெல்டிங்கும் பழகலாம், வெல்டிங் செய்கிற அண்ணனுக்கும் நூலகம் திறந்திருக்க வேணும். இரண்டும் ஒரே கோரிக்கை.

எல்லாத்தையும் வீட்டில் செய்யுங்கோ எண்டும் சொல்லவில்லை. சேசியில் நேரே ஒட்டுகிற வேலையைப் பழகாத கை தொடக் கூடாது. எது எங்களால் முடியும், எதற்கு அந்த அண்ணனிடம் போக வேணும் எண்டு தெரிவதும் அறிவுதான்.

எங்கட கோரிக்கைகள் சின்னவை. பீடத்தின் பொதுக் கருத்தரங்குகளுக்கு ஒரு மெக்கானிக்கையும் பேச்சாளராகக் கூப்பிடுங்கோ, மற்றவருக்குக் கொடுக்கிற அதே கொடுப்பனவோடு. கராஜில் நிற்கும் பெடியனை 'டேய்' எண்டு கூப்பிடுறதை நிறுத்துங்கோ. சொன்ன கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கோ. வீட்டில் உள்ள பெண் பிள்ளைக்கும் ஸ்பனரைக் கொடுங்கோ. இதில் ஒண்டுக்கும் அமைச்சரவை அனுமதி தேவையில்லை.