வீட்டை அளந்துவிட்டு லென்ஸ் வாங்குங்கள்



ஆடிப்பெருக்கு அன்று மற்ற ஊர்க்காரர்கள் ஆற்றங்கரைக்குப் போவார்கள். சிவகாசியில் அன்றுதான் புது காலண்டர் ஆல்பம் வெளியாகும். வரும் ஆண்டின் தினசரி, மாதக் காலண்டர் மாதிரிகளை அடுக்கிப் பூஜை போடுவார்கள். அந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்று இன்னும் என் மேஜை மேலேயே இருக்கிறது. எழுதியவர் ஆப்செட் பிரஸ் ஒன்றில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறவர். மகள் விஸ்காம் சேர்ந்திருக்கிறாள். சீட்டுப் பணத்தை எடுத்து அவளுக்கு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்னும் இரண்டு லென்ஸ் வேண்டும், பெரிய பை வேண்டும் என்கிறாளாம். கடையிலும் அதையேதான் சொல்கிறார்களாம். தீபாவளி போனஸ் வந்ததும் வாங்கிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டிருந்தார்.

இதே கேள்வி இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும். அதனால் பதிலை இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

அண்ணாச்சி, இப்போதைக்கு வாங்காதீர்கள்.

முதலில் ஒரு சந்தேகம் தீரட்டும். விலை குறைந்த கேமராவாயிற்றே, படம் தரமாக வருமா? உங்கள் பிரஸ்ஸுக்கு ஒருவர் படம் கொண்டுவந்தால் என்ன கேட்பீர்கள்? 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, இருக்கிறதா என்றுதானே? கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்ற ஆரம்பநிலை கேமராக்கள் தரும் படத்தில் அகலத்துக்கு 6000, உயரத்துக்கு 4000 புள்ளிகள் இருக்கின்றன. 300-ஆல் வகுத்துப் பாருங்கள். 20 அங்குலத்துக்கு 13 அங்குலம். தினசரி காலண்டர் அட்டைக்கு அது தாராளம். கோவில்பட்டியில் இருந்து ஓவியர் கொண்டையராஜு வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சில் ஏறித்தான் ஊர் ஊராக வீட்டுச் சுவர்களுக்குப் போயின. உங்கள் மகள் எடுக்கும் படமும் அதே அச்சில் ஏறலாம். கேமரா அதற்குத் தடையாக இருக்காது.

அடுத்து, கேமராவோடு பெட்டியிலேயே வந்த 18-55 மி.மீ. லென்ஸ். 'கிட் லென்ஸ்' என்றாலே பலருக்கு இளக்காரம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி அண்ணாந்து எடுத்தால், 18-இல் ஏறக்குறைய நூறு அடி தள்ளி நின்றாலே கோபுரம் முழுதாக அடங்கிவிடும். 50-இல் எடுக்க 400 அடிக்கு மேல் பின்னால் போக வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று அந்தக் கூட்டத்தில் அத்தனை தூரம் எங்கே போவது? தேர், தெருவடைத்த கூட்டம், வடம் பிடிக்கிற கைகள் எல்லாவற்றையும் 18-இல் எடுத்துவிடலாம். வளையத்தைத் திருப்பி 55-க்குக் கொண்டுவந்தால் பக்கத்தில் நிற்கும் பாட்டியின் முகம். இரண்டுக்கும் ஒரே லென்ஸ் போதும்.

ஆறு மாதம் அதிலேயே எடுக்கட்டும். பிறகு படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றின் விவரத்தையும் பாருங்கள். எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று அதிலேயே பதிவாகியிருக்கும். பாதிக்கு மேல் 18-க்கும் 24-க்கும் நடுவில் இருந்தால் அவளுக்கு வேண்டியது ஒரு லென்ஸ், எல்லாம் 55-இல் முட்டிக்கொண்டு நின்றால் வேண்டியது வேறொன்று. கடைக்காரரால் சொல்ல முடியாத இந்தப் பதிலை உங்கள் மகளின் மெமரி கார்டே சொல்லிவிடும்.

எல்லாக் கடையிலும் முதலில் சொல்வது 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸைத்தான். நல்ல லென்ஸ், அதில் சந்தேகமில்லை. கிட் லென்ஸ் 55-இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். அதோடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்டப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. குத்துவிளக்கு வெளிச்சத்தில்கூட முகம் தெளிவாக விழும். ஆனால் அதை எங்கே நின்று எடுக்கப் போகிறோம் என்று யாராவது கேட்கிறோமா?

சாத்தூரில் என் தம்பி வீட்டு ஹால் பத்தடிக்குப் பன்னிரண்டு. அவன் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு இந்த 50-ஐ மட்டும் மாட்டிக்கொண்டு போயிருந்தேன். பீரோவில் முதுகு முட்டும்வரை பின்னால் போனேன். கேக் வந்தால் குழந்தை வரவில்லை. குழந்தை வந்தால் மடியில் வைத்திருக்கும் பாட்டியின் தலை வரவில்லை. கடைசியில் அடுப்படி வாசல்படியில் நின்று, நிலைக்கதவு ஓரமாகச் சாய்ந்துதான் அந்த ஒரு படத்தை எடுத்தேன்.

இந்த வகைக் கேமராக்களில் சென்சார் சிறியது. அதனால் கேனானில் 50 என்பது பெரிய கேமராவின் 80 போலவும், நிக்கானில் 75 போலவும் இழுத்துக் காட்டும். கணக்காகச் சொன்னால், ஐந்தரை அடி ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க கேனானில் 50 லென்ஸுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று அடி தூரம் வேண்டும். 24 லென்ஸுக்கு ஆறு அடி போதும். நிக்கானில் 35 லென்ஸ் என்றால் எட்டடிக்குக் கொஞ்சம் கூட. கையில் டேப் எடுத்து உங்கள் ஹாலை ஒருமுறை அளந்து பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் பலவற்றுக்கு கேனான் 24 மி.மீ. எஃப் 2.8, நிக்கான் 35 மி.மீ. எஃப் 1.8 ஆகியவைதான் பொருந்தும். 24-இல் 50 அளவுக்கு வெளிச்சம் வராது என்பது உண்மை. ஆனாலும் பாட்டியின் தலை வரும். மண்டபத்திலும் மொட்டை மாடியிலும் முகங்களாக எடுக்கப் போகிறவர்களுக்கு 50 சரி.

நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி3500 போன்ற கேமராக்களுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. பழைய 'ஏஎஃப்-டி' ரக லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் போகஸ் திருப்ப வேண்டும். 'ஏஎஃப்-எஸ்' அல்லது 'ஏஎஃப்-பி' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழைய லென்ஸ் எதுவானாலும் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் அது பூஞ்சை. வேண்டாம்.

55-250 போன்ற தூர லென்ஸ் யாருக்கு? பள்ளி விளையாட்டு விழாவில் ஓடுகிற பிள்ளையை எடுக்க விரும்புகிறவர்களுக்கு, செண்பகத்தோப்புப் பக்கம் போய் சாம்பல் நிற அணிலுக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு. வீட்டுக்குள் அதற்கு வேலையே இல்லை.

டிஎஸ்எல்ஆரே பழசாகிவிட்டது, இப்போது எல்லாம் மிரர்லெஸ் என்கிறார்களே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். கம்பெனிகள் அந்தப் பக்கம் போய்விட்டது உண்மைதான். அதனாலேயே டிஎஸ்எல்ஆர் லென்ஸுகள் கைமாறி மலிவாகக் கிடைக்கின்றன. பின்னாளில் அதே கம்பெனியின் மிரர்லெஸ் கேமரா வாங்கினாலும், இன்று வாங்கிய லென்ஸை அடாப்டர் வைத்து அதில் மாட்டிக்கொள்ளலாம்.

இனி தீபாவளி. பட்டாசு செய்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு வாணவெடியைப் படமெடுக்கத் தெரியாமல் இருக்கலாமா?

2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பட்டாசு வெடிக்க நேரம் வகுத்திருக்கிறார்கள். இரவில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதிலும் முதல் கால்மணி நேரம்தான் வானம் தெளிவாக இருக்கும், அப்புறம் புகை மூடிக்கொள்ளும். அதனால் ஆறரைக்கே மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி இடம் பாருங்கள், புகை உங்களைவிட்டு விலகிப் போகும்.

முக்காலி இல்லையா? ஒரு மஞ்சப்பையில் ஒரு கிலோ மணலோ பருப்போ போட்டு வாயைக் கட்டி, கைப்பிடிச் சுவரின் மேல் வையுங்கள். அதில் கேமராவை அழுத்தி உட்கார வைத்தால் அசையாது. கழுத்துப் பட்டையை மட்டும் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். லென்ஸ் அதே 18-55. மோடை 'எம்'மில் வையுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 11, நான்கு நொடி. தூரத்துத் தெருவிளக்கில் போகஸ் பிடித்துவிட்டு, லென்ஸின் பக்கத்திலோ கேமரா மெனுவிலோ போகஸை 'எம்எஃப்'புக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். டைமர் இரண்டு நொடி. குழாயிலிருந்து வெடி கிளம்பும் 'டொம்' சத்தம் கேட்டதும் பட்டனை அழுத்துங்கள். ஷட்டர் திறக்கவும், மேலே பூ விரியவும் ஏறக்குறைய சரியாக இருக்கும்.

ஏன் ஐஎஸ்ஓவைக் கூட்டக் கூடாது? வெளிச்சம் அதிகமானால் நிறமெல்லாம் வெள்ளையாக வெளுத்துவிடும். வாணவெடியின் சிவப்பு ஸ்ட்ரான்சியம் உப்பிலிருந்து வருகிறது, நீலம் தாமிரத்திலிருந்து. அவற்றைக் கலந்து, உருட்டி, காயவைத்து அடைத்தவர்கள் நம் தெருவில் இருக்கிறவர்கள். அவர்கள் செய்த நிறம் அப்படியே படத்தில் வர வேண்டாமா?

அவர்களைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். பயர் ஆபீஸுக்குள், அதாவது பட்டாசு ஆலைக்குள், கேமராவோடு போகாதீர்கள். மாணவர்கள் சிலர் புராஜெக்ட் என்று ஆர்வத்தில் கேட்கிறார்கள். செல்போனையே வாசலில் வாங்கி வைக்க வேண்டிய இடம் அது. உடம்பில் சேரும் நிலைமின்சாரத்துக்குப் பயந்து பருத்தித் துணி உடுத்தி வேலை பார்க்கிற இடத்தில் ஃபிளாஷுக்கும், பேட்டரிக்கும், இரும்புக் கால் முக்காலிக்கும் என்ன வேலை? தெரிந்தவர், சொந்தக்காரர் ஆலைதான் என்றாலும் வேண்டாம். உள்ளே இருப்பவர்களின் உயிரைவிட உங்கள் புராஜெக்ட் பெரிதில்லை. மனிதர்களைப் படமெடுக்க வேண்டுமானால் வேலை முடிந்து வேனிலிருந்து இறங்கிய பிறகு, அவர்கள் வீட்டுத் திண்ணையில், கேட்டுக்கொண்டு எடுங்கள்.

அடுத்தது பை. கேமராவும் கிட் லென்ஸும் சேர்ந்தால் முக்கால் கிலோவுக்குள்தான். அதற்கு ஏன் மலையேறப் போகிற மாதிரி ஒரு பை? பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத் தோன்றும். நிரப்பினால் தோள் வலிக்கும். தோள் வலித்தால் கேமரா வீட்டிலேயே தங்கிவிடும். வீட்டில் இருக்கிற பள்ளிப் பையே போதும். உள்ளே செருகும் பஞ்சுத் தடுப்பு தனியாக விற்கிறது, அதை மட்டும் வாங்குங்கள். பேருந்து நிலையத்தில் யார் கண்ணையும் அது இழுக்காது. கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். டூவீலரில் போனால் டேங்க் மேலேயோ கால் வைக்கிற இடத்திலேயோ வைக்காதீர்கள், வண்டியின் அதிர்வு முழுவதும் லென்ஸுக்குப் போகும். முதுகில்தான் இருக்க வேண்டும்.

நம் ஊர் கரிசல் புழுதி பொல்லாதது. ஆடிக் காற்றில் தெருவில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்குள் வந்து, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு மாற்றுங்கள். தீபாவளிக்கு மறுநாள் லென்ஸில் கரித்தூள் படிந்திருக்கும். வேட்டி முனை, சேலைத் தலைப்பு எதுவும் வேண்டாம். முதலில் ரப்பர் புளோயரால் ஊதுங்கள், பிறகு அதற்கென்று இருக்கும் துணியால் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் அந்தத் தூளே கண்ணாடியைக் கீறிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் அந்துருண்டையோடு வைக்காதீர்கள். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள். அரிசித் தவிடு லென்ஸ் இடுக்கில் போனால் எடுக்கவே முடியாது.

ஆக, அண்ணாச்சி, இந்தப் போனஸில் வாங்க வேண்டியது ஒரு புளோயர், ஒரு துணி, ஒரு தடுப்பு, சிலிக்கா ஜெல். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மீதியை அடுத்த ஆடிப்பெருக்கு வரை தனியாகப் போட்டு வையுங்கள். அதற்குள் எந்த லென்ஸ் என்று மகளே சொல்லுவாள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தீபாவளி இரவு 7 மணிக்கு உங்கள் மாடியிலிருந்து, கிட் லென்ஸிலேயே ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை மி.மீ., எத்தனை நொடி என்று கீழே எழுதுங்கள். நன்றாக வந்தவற்றைத் தை இதழில் போடுகிறோம். அண்ணாச்சி மகளின் படத்துக்கு ஒரு பக்கம் இப்போதே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்