இரத்தப் பரிசோதனை மட்டும் நோயைச் சொல்லிவிடுமா?

2022ஆம் ஆண்டில் நடிகை சமந்தா, தமக்கு மயோசைட்டிஸ் எனும் தசை அழற்சி இருப்பதாக அறிவித்தார். அதே ஆண்டில் ஹாலிவுட் நடிகர் ஆஷ்டன் குட்சர், இரத்தக்குழாய் அழற்சியால் தமக்குப் பார்வையும் கேட்கும் திறனும் பாதிக்கப்பட்டு, நடக்கவே சிரமப்பட்டதாகக் கூறினார். இரண்டுமே தன்னுடல் தாக்கு நோய்கள். கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல், சொந்த உடலையே தாக்குவதால் வருபவை.

ஜொகூரில் நான் பார்க்கும் உடல் பரிசோதனை விளம்பரங்கள் சிலவற்றில் இந்நோய்களுக்கான ஆன்டிபாடி சோதனையும் இடம்பெறுகிறது. "எதற்கும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாமே" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், அது சரியா?

இரத்தக்குழாய் அழற்சிக்கான முக்கியச் சோதனையின் பெயர் 'ஆன்கா'. நமது வெள்ளை அணுக்களையே குறிவைக்கும் ஆன்டிபாடி இரத்தத்தில் உள்ளதா என்று அது பார்க்கிறது. 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இந்த ஆன்டிபாடியை முதன்முதலில் விவரித்தனர். மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்கும் ஒருவகை அழற்சியோடு இதற்குத் தொடர்பு இருப்பது 1985இல் தெரியவந்தது. சிகிச்சை இல்லாத காலத்தில் அந்நோயாளிகளில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் இறந்தனர். இன்று சீக்கிரம் கண்டறிந்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். எனவே, சோதனையின் பயனை நான் மறுக்கவில்லை.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வுகளின்படி, பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 20 பேருக்கு இவ்வகை நோய் வருகிறது. ஜொகூரின் மக்கள்தொகை ஏறக்குறைய 40 லட்சம். இங்கும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 80 பேர். நோயில்லாத 100 பேரில் ஒருவருக்கு மட்டும் சோதனை தவறாக 'பாசிட்டிவ்' காட்டுவதாகக் கொள்வோம். அனைவரையும் சோதித்தால் 40,000 பேர் வீணாகப் பயப்படுவார்கள். உண்மையான நோயாளிகள் அந்தக் கூட்டத்தில் மறைந்துபோவார்கள்.

காசநோயிலும் இதய வால்வுத் தொற்றிலும்கூட ஆன்கா பாசிட்டிவ் ஆகலாம். லூபஸ் நோய்க்குப் பார்க்கப்படும் ஏ.என்.ஏ. ஆன்டிபாடி, 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 30 விழுக்காட்டினரிடம் குறைந்த அளவில் காணப்பட்டது. 'நெகட்டிவ்' என்றாலும் நிம்மதி உறுதியில்லை. ஆசிய இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் தகாயாசு எனும் இரத்தக்குழாய் நோயை ஆன்கா காட்டாது; அதற்கு ஸ்கேன் தேவை.

ஆகவே, அறிகுறி முதலில், சோதனை பிறகு என்பதே என் கருத்து. பல வாரங்களாகியும் தீராத சைனஸ், இருமலில் இரத்தம், சிறுநீர் நிறமாற்றம், கால்களில் செந்நிறப் புள்ளிகள், காரணம் தெரியாத காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவற்றில் சில சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். சாதாரண சிறுநீர்ச் சோதனையே சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கலாம். அந்தச் சந்தேகத்தோடு மருத்துவர் எழுதித்தரும் ஆன்கா சோதனை உயிர் காக்கும். விளம்பரத்தைப் பார்த்து நாமே எடுக்கும் அதே சோதனை குழப்பத்தைத்தான் தரும்.