910 கிராம்

அரியாங்குப்பத்தில் நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் கடையின் தராசில் பருப்பு, புளி, வெல்லம் தவிர வேறெதையும் நான் வைத்ததில்லை. சென்ற ஆண்டு ஜூலையில் ஒரு மாலை, அக்கா மகளின் கையிலிருந்த மட்டையை வாங்கி அதில் குறுக்காகப் படுக்கவைத்தேன். "யாரம்மா அடிக்கப் போறீங்க?" என்றார் கடைக்காரர். சிவப்பு எண்கள் கொஞ்சம் தத்தளித்து 910-இல் நின்றன.

அவளுக்கு வயது 13. எடை 36 கிலோ. பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் ஆடுகிறாள். கைப்பிடியில் சுற்றியிருந்த டேப் பிய்ந்துவிட்டது, வீட்டில் சரிசெய்து எடுத்துவா என்று மட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். பையன்கள் அணியிடம் இப்படிச் சொல்வார்களா என்று கேட்டேன். "அவங்களுக்கு சாரே சுத்திக் குடுப்பாரு" என்றாள். பிறகு, ஏதோ தன் குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொன்னாள்: "சித்தி, நான் பேட்ட சுத்தல. பேட்டுதான் என்ன சுத்துது."

வீட்டுக்கு வந்து தையல் டேப்பை எடுத்தோம். நீளம் 33 அங்குலம். தடித்த பகுதியின் சுற்றளவு இருபதரை சென்டிமீட்டர். அவளே 3.14-ஆல் வகுத்தாள். விட்டம் ஆறரை சென்டிமீட்டர். சாஃப்ட்பால் மட்டையின் விட்டத்துக்கு விதி அனுமதிக்கும் உச்சம் இரண்டேகால் அங்குலம், அதாவது 5.7 சென்டிமீட்டர். எங்கள் கையில் இருந்தது சாஃப்ட்பால் மட்டையே அல்ல. பையன்கள் புது மட்டைக்கு மாறியபோது ஒதுக்கிப்போட்ட பழைய பேஸ்பால் மட்டை. அண்ணன் சட்டையைத் தங்கைக்குப் போடுவது போல அது இவர்களிடம் வந்திருக்கிறது. போட்டியில் நடுவர் பார்த்தால் முதல் நிமிடத்திலேயே வெளியே வைக்கச் சொல்லிவிடுவார். அந்த மட்டையில்தான் 14 பெண்பிள்ளைகள் மூன்று மாதம் பயிற்சி செய்திருக்கிறார்கள். போட்டியன்று வேறொரு பள்ளியிடம் இரவல் வாங்கி ஆடுவார்களாம்.

பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். இதைப் படிக்கிற மாணவிகளில் பாதிப் பேருக்கு அது தம் பள்ளி என்றே தோன்றும்.

சாஃப்ட்பால் விதிகளை எடுத்துப் படித்தேன். பழைய உரைகளோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டி முனைவர் பட்டம் வாங்கியவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. எழுதியதைப் படிக்கும்போதே எழுதாமல் விட்டதையும் தேடுவது. மட்டையின் நீளம் 34 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. எடை 38 அவுன்சைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ 1,077 கிராம். விட்டம் நான் சொன்னதுதான். எல்லாமே உச்சவரம்புகள். பந்து அளவுக்கு மீறிப் பறந்துவிடக் கூடாது என்பது விதியின் கவலை. அந்த மட்டையைத் தூக்கும் கை யாருடையது, அதற்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்பது விதியின் கவலை அல்ல. ஆகவே ஒரு கிலோ மட்டையைப் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, "ரூல்ஸ்படிதான் இருக்கு" என்று சொல்லிவிடலாம். எங்கள் ஊரில் அந்த விதியைக்கூடப் பார்க்கவில்லை என்பது தனிக்கதை.

விதி சொல்லாததைப் பயிற்சியாளர்கள் அறிவார்கள். மட்டையைக் காலோரம் தரையில் ஊன்றி நிறுத்தினால் அதன் மேல்முனை, தொங்கவிட்ட உள்ளங்கைக்கு எட்ட வேண்டும். ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தால் முப்பது எண்ணும்வரை முனை தாழக் கூடாது. அங்குலத்தில் உள்ள நீளத்திலிருந்து அவுன்சில் உள்ள எடையைக் கழித்தால் ஓர் எண் வரும். இந்த விளையாட்டு வேரூன்றிய நாடுகளில் மட்டையின் மேலேயே அதை அச்சடித்திருப்பார்கள். பள்ளிச் சிறுமிகளுக்கு அந்த எண் பெரும்பாலும் பத்து, சின்னவர்களுக்குப் பதினொன்று, பன்னிரண்டு. 30 அங்குல மட்டை என்றால் 20 அவுன்ஸ், 567 கிராம். எங்கள் 33 அங்குல மட்டை 32 அவுன்ஸ். வித்தியாசம் ஒன்று. வளர்ந்த ஆண்கள் பேஸ்பாலில் ஆடும் எண் அது.

கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். நான் ஒன்பது எண்ணும்போது முனை தரையைப் பார்க்கத் தொடங்கியது.

மறுநாள் உடற்கல்வி ஆசிரியரைப் பார்க்கப் போனேன். கெட்டவர் அல்ல, வெயிலில் கறுத்து, தன் காசில் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வாங்கித் தருபவர். "பொண்ணுங்களுக்குக் கையில வேகம் பத்தாது மேடம், பந்து போனப்புறம்தான் பேட்டு வருது" என்றார். இதுதான் நான் சண்டைக்கு நிற்கும் இடம். கனமான மட்டையைக் கொடுத்தால் சுழற்சி தாமதமாகும், பின்தோள் இறங்கும், மணிக்கட்டு வலிக்கும். இது பௌதிகம். அந்தத் தாமதத்தை மட்டையின் கணக்கில் எழுதாமல் பெண்ணின் கணக்கில் எழுதுகிறோம். பிறகு அதே கணக்கைக் காட்டி, இவர்களுக்கு எதற்குப் புது மட்டை என்கிறோம். அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது.

'சாஃப்ட்' என்ற பெயரே ஒரு பெரிய பொய். பேஸ்பால் பந்தின் சுற்றளவு சுமார் 9 அங்குலம், எடை 142 முதல் 149 கிராம். சாஃப்ட்பால் பந்து 12 அங்குலம், 178 முதல் 198 கிராம். பெரியது, கனமானது, தொட்டால் கல். பேஸ்பாலில் பந்து வீசுபவர் அறுபதடிக்கு மேல் தள்ளி நிற்கிறார். பெண்கள் சாஃப்ட்பாலில் 43 அடி. பந்து வேகம் குறைவுதானே என்பவர்கள் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் வரும் பந்துக்கு மட்டைக்காரி பெறுவது அரை நொடிக்கும் குறைவு. மெதுவான விளையாட்டு, பெண்களுக்கு ஏற்ற விளையாட்டு என்று பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே ஹெல்மெட்டையும் முகக்கவசத்தையும் நெஞ்சுக்கவசத்தையும் குறைக்கிறார்கள்.

இது பெண்களுக்காகப் பிறந்த விளையாட்டும் அல்ல. 1887-இல் சிகாகோவின் படகுக் கழகம் ஒன்றில், கால்பந்துப் போட்டியொன்றின் முடிவுக்காகக் காத்திருந்த ஆண்கள், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையால் அடித்து விளையாடியதில் தொடங்கியது. முதல் சாஃப்ட்பால் மட்டை துடைப்பக் கட்டை. ஆண் கையில் எடுத்தால் அது விளையாட்டாகிவிட்டது.

1943-இல் போரின்போது அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொழில்முறை லீக் ஒன்று தொடங்கினார்கள். குட்டைப் பாவாடைதான் சீருடை. முதல் ஆண்டுகளில் நடை, உடை, ஒப்பனைக்குத் தனி வகுப்பு. பாவாடையோடு மண்ணில் சறுக்கிப் பேஸைத் தொட்டதில் தொடையெல்லாம் சிராய்ப்பு. எனக்கு முக்கியம் அவர்களுடைய பந்து. 12 அங்குலத்தில் தொடங்கிய அது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, லீக் முடிந்த 1954-இல் பேஸ்பால் அளவுக்கே வந்துவிட்டது. வீசும் தூரமும் 40 அடியிலிருந்து 60 அடியாகியது. பன்னிரண்டு ஆண்டில் பெண்ணுடல் பரிணமித்துவிடவில்லை. அளவு யாருடைய அனுமதியில் இருந்தது என்பதுதான் மாறியது.

அங்கேயே சிறுமிகளின் கதை இன்னும் கசப்பானது. 1950-இல் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி சடையை வெட்டிக்கொண்டு, 'டப்பி' என்ற பையனாகப் பெயர் கொடுத்து லிட்டில் லீக்கில் ஆடினாள். அடுத்த ஆண்டே சிறுமிகளுக்குத் தடை என்று விதி எழுதினார்கள். 1972-இல் ஹோபோக்கன் நகரில் மரியா பெப்பே மூன்று ஆட்டம் ஆடியதும் நிறுத்தப்பட்டாள். வழக்கு நடந்தது. சிறுமிகளின் எலும்பு பலவீனமானது என்று லீக்கின் தரப்பு சாட்சி சொன்னது. 1974-இல் தீர்ப்பு பெண்களின் பக்கம் வந்தபோது மரியாவுக்கு வயது கடந்துவிட்டிருந்தது. அதே 1974-இல் லிட்டில் லீக் சிறுமிகளுக்கென்று தனியாக சாஃப்ட்பால் பிரிவைத் தொடங்கியது. கதவைத் திற என்று கோர்ட் சொன்னதும், பக்கத்தில் வேறொரு கதவைச் செய்து அதில் 'மகளிர்' என்று எழுதிவிட்டார்கள்.

இதற்காக சாஃப்ட்பாலை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த விளையாட்டைப் பெண்கள் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோனார்கள். 2008-க்குப் பிறகு ஒலிம்பிக் அதைக் கைவிட்டும், 2021-இல் டோக்கியோவில் திரும்பி வந்தார்கள். இரண்டு முறையும் தங்கம் ஜப்பான் பெண்களுக்கு. ஒரே பந்தா வேறு பந்தா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. எந்தப் பந்தானாலும், அதை அடிக்கும் மட்டை ஆடுபவளின் கையை அளந்து வர வேண்டும் என்பது முதல் கேள்வி.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பெத்தாங்க் இங்கே இன்றும் ஆடப்படுகிறது. மாலையானால் சொல்தா பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் இரும்புக் குண்டை மஞ்சள் துணியால் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். போட்டி விதிப்படி அந்தக் குண்டு 650 முதல் 800 கிராம்வரை இருக்கலாம், விட்டம் 7.05 முதல் 8 சென்டிமீட்டர்வரை. அந்த எல்லைக்குள் ஒவ்வொருவரும் தம் உள்ளங்கையை அளந்து, தமக்கேற்ற குண்டை வைத்துக்கொள்கிறார்கள். எழுபது வயது ஆணின் கைக்கு இத்தனை மரியாதை. யாரும் அவரிடம் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய குண்டை வைத்து ஆடுங்கள் என்று சொல்வதில்லை.

வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்த எரிச்சல் வரும். ஆண்பாலுக்குக் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பறையும் தேரும் கொடுத்திருக்கிறோம். அதுவும் போதாதென்று, பெண்பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டை உதைப்பதும் ஒரு பருவம். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும். உட்கார்ந்தும் குளித்தும் ஊஞ்சலில் ஆடியும் முடிந்துவிடுகிறது. பெண் ஓடியாடிப் பந்தடிக்கும் காட்சி நம்மிடம் இல்லையா என்றால், இருக்கிறது. பெருங்கதையில் பெண்கள் ஒருவரையொருவர் விஞ்சி ஆயிரக்கணக்கில் எண்ணி அடிக்கிறார்கள். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி அடிக்கிறாள். ஆனால் புலவரின் கண் பந்தைப் பார்ப்பதைவிட, துவளும் இடையையும் சரியும் கூந்தலையும்தான் அதிகம் பார்க்கிறது.

கூந்தல் என்றதும் ஹெல்மெட் நினைவுக்கு வருகிறது. அணிக்கு இருப்பவை நான்கு. எதிலும் சடை நுழைய வழியில்லை. இரட்டைச் சடை கட்டாயம் என்பதும் அதே பள்ளியின் விதி. சடையை உள்ளே மடித்துத் திணித்தால் ஹெல்மெட் நெற்றிக்கு மேலே ஏறி நிற்கிறது. ஓடினால் கண்ணில் இறங்குகிறது.

நெஞ்சுக்கவசம் ஒன்றே ஒன்று. அதுவும் பையன்கள் அணியினுடையது. இவள் போட்டால் அடிப்பகுதி தொடையில் இடிக்கிறது, மேலே கழுத்துக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி. கேட்சராக உட்கார்ந்திருந்தபோது தரையில் பட்டு எழும்பிய பந்து அந்த இடைவெளியில்தான் அடித்தது. காரை எலும்புக்குக் கீழே ஒரு வாரம் நீலம். அக்கா ஒத்தடம் கொடுத்தபடியே, "போதும், நிறுத்திடு. நாளைக்கு மூஞ்சியில பட்டா யாரு பதில் சொல்றது?" என்றாள். 'நாளைக்கு' என்று அவள் சொன்னது எந்த நாளை என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

பெண்பிள்ளைகள் அளவில் ஒரு கவசம் வாங்குங்கள் என்று பள்ளியில் சொன்னபோது, அறையில் இருந்த ஆண்கள் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். கொங்கை, நகில், தனம், முலை என்று அடுக்கிய இலக்கியத்தை மனப்பாடம் செய்து பட்டம் வாங்கியவர்களும் அங்கே இருந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண் கவிஞர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் கவிதையில் எழுதியதற்காக எவ்வளவு வசவு வாங்கினார்கள் என்பது என் தலைமுறைக்கு மறக்காது. வருணிக்கலாம், வசை பாடலாம். அடிபடாமல் மறைக்க ஓர் அட்டை வாங்க மட்டும் வாய் வராது. உலகமே இப்படித்தான் இருந்திருக்கிறது. ஆண்களின் இடுப்புக்கு உறுதுணையான உள்ளாடையை 1874-இல் சிகாகோவில் செய்துவிட்டார்கள், சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக. ஓடும் பெண்ணுக்கான மார்புக்கச்சு 1977-இல்தான் வந்தது. அமெரிக்காவில் மூன்று பெண்கள் அதன் முதல் மாதிரியை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? அதே ஆண் உள்ளாடைகள் இரண்டை வாங்கிச் சேர்த்துத் தைத்து. நூற்றுமூன்று ஆண்டு காத்திருந்தும், கிடைத்தது ஆண்களுடையதைப் பிரித்துத் தைத்ததுதான்.

பணமில்லை என்பார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் அதே ஆண்டில் பையன்களுக்கு மட்டை வந்திருக்கிறது. இல்லாத பணம் எப்படித் தெரிந்து தெரிந்து ஒரு பக்கமாகவே இல்லாமல் போகிறது? "பொண்ணுங்க ரெண்டு வருஷம் ஆடுவாங்க மேடம், அப்புறம் வீட்டுல விட மாட்டாங்க" என்றார் இன்னொருவர். நீல வீக்கத்தோடு வீட்டுக்கு அனுப்பினால் எந்த வீட்டில் விடுவார்கள்?

நாங்கள் ஒரு மனு எழுதியிருக்கிறோம். அணியின் பதினான்கு பிள்ளைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வரச்சொல்லி, தையல் டேப்பால் அளந்தோம். ஒவ்வொருத்திக்கும் உயரம், தரையிலிருந்து உள்ளங்கைவரை, கழுத்திலிருந்து இடுப்புவரை, தலைச்சுற்று, எந்தக் கையால் எறிகிறாள் என்பதுவரை எழுதினோம். மூன்று பேர் இடக்கைக்காரிகள். இத்தனை மாதமாகத் தப்பான கையில் கையுறை மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு 29 அங்குல மட்டை போதும், ஏழு பேருக்கு 30, இரண்டு பேருக்கு 31. அக்கா எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் டேப்பை வாங்கி, தன் மகளை அவளே அளந்தாள்.

மனுவை நான் தட்டச்சு செய்து முடித்தபின் அக்கா மகள் வாங்கிப் படித்தாள். பேனாவை எடுத்து, கையெழுத்துகளுக்கு மேலே மிச்சமிருந்த இடத்தில் எழுதினாள்: 'ஹெல்மெட்டில் சடைக்கு இரண்டு ஓட்டை.'