விடுதிக் காப்பாளரின் கையொப்பம்

விடுதி மாணவியர் தடுப்பூசிக்குத் தயங்கினால், அறியாமை என்று ஒதுக்குவது எளிது. 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குச் செலுத்தப்பட்டது; அவர்களுள் பழங்குடிச் சிறுமியர் பலர். நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2013ஆம் ஆண்டு அறிக்கைப்படி, 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763இல் கையொப்பமிட்டோர் விடுதிக் காப்பாளர்கள். பெற்றோர் அல்லர்! பின்னர் நேர்ந்த சில இறப்புகளுக்குத் தடுப்பூசியே காரணம் என நிறுவப்படவில்லை. ஆயினும் கேளாமல் போட்ட ஊசி ஐயத்தையே விதைக்கும்.

இத்தடுப்பூசி நம் பெண்களுக்குத் தேவை என்றே கருதுகிறோம். ஆகவே தயங்கும் மாணவி என்ன மருந்து, எதற்காக, பக்கவிளைவு நேர்ந்தால் யாரை அணுகுவது எனத் தாய்மொழியில் கேட்கட்டும். பெற்றோரை உடன் அழைக்கட்டும். ஊசி போட்டதும் பதின்வயதினர் சிலர் மயங்குவதுண்டு. 15 நிமிடம் அமரச் சொல்வது அதற்காகவே. செவிலியர் இதை முன்னரே சொல்லிவிட்டால் பாதி அச்சம் அகலும்.