பணி நிலைக்கும், பணியாளர் நிலை?

பிரித்தானிய நாட்டு மருத்துவமனை, பள்ளி, சிறை ஆகியவற்றின் பணிகளை ஒப்பந்தத்தால் பெற்றுப் பெருத்த காரிலியன் நிறுவனம், கடன்சுமை தாங்காது 2018 சனவரி 15-இல் வீழ்ந்தது. அதனை நம்பி உலகெங்கும் ஏறத்தாழ 43,000 பேர் உழைத்து வந்தனர். ஆண்டுதோறும் பங்குடையார்க்கு ஈவுத்தொகையை உயர்த்திய அந் நிறுவனம், உழைத்தார்தம் ஓய்வூதிய வைப்பிலோ பெரும்பள்ளத்தை விட்டுச் சென்றது. அரசு பொதுப்பணத்தை ஈந்து பணிகளைத் தொடர்ந்தது. அங்குப் பலர் வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பெற்றனர். எனினும் 2,000-க்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். வருவாய் மேலிருந்தார்க்கு, வீழ்ச்சி கீழிருந்தார்க்கு!

மருத்துவமனைத் தரையை நாளும் துடைத்தாக வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு நாளும் உணவு ஆக்கியாக வேண்டும். ஒப்பந்தம் கைமாறினும் நிறுவனமே கலைந்தாலும் அப் பணிகள் மறைவதில்லை. எனவே, பணியை ஏற்போர் பணியாளரையும் ஏற்க வேண்டும் என்பதே பொதுப்பணி ஒப்பந்தத்தின் முதற் கட்டளையாதல் வேண்டும். அதனை எழுதத் தவறும் அரசு, தன் கடமையைக் குத்தகைக்கு விட்டு உழைப்பாளரைத் தெருவில் விட்ட அரசேயாகும்!